மக்காச்சோளக் கொல்லைக்கு நிழல் படாமல்: இல்லினாய் பல்கலைக்கழகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா–ஷாம்பெய்னில் முனைவர் பட்டத்துக்காக ஆறு ஆண்டுகள் இருந்தேன். ஊருக்கு வந்தபோதெல்லாம் கல்யாண வீட்டிலும் ரயிலிலும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. ஒவ்வொருவருக்கும் அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

ஹார்வர்ட், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட் தெரியும். இல்லினாயைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

இது பொதுப் பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகம். கடலோரப் பெருநகரம் எதிலும் இல்லாமல், வயல்வெளிக்கு நடுவே இருந்துகொண்டே இணையப் பக்கத்தில் எழுத்தோடு படம் தெரிவதை உலகத்துக்குப் பழக்கிய இடம். இயற்பியலில் இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற ஒரே மனிதரான ஜான் பார்டீன் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊர். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் செய்துகாட்டிய நிக் ஹோலோனியாக், பார்டீனின் முதல் மாணவர். அடுத்த ஆண்டே இங்கு ஆசிரியராகத் திரும்பி வந்துவிட்டார். பணக்காரத் தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று இப்படி எழுந்து நிற்க முடியும் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஊர் எங்கே இருக்கிறது?

சிகாகோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 215 கிலோமீட்டர். காரிலோ ரயிலிலோ இரண்டரை மணி நேரம். அர்பானா, ஷாம்பெய்ன் என்று ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள். வளாகம் இரண்டின் மீதும் படுத்திருக்கிறது. நிலம் தட்டையானது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மக்காச்சோளமும் சோயாவும். தெற்கேயிருந்து காற்று வீசினால் பல்கலைக்கழகப் பண்ணையின் மாட்டுக்கொட்டகை வாசனை விடுதி வரை வரும். மாணவர்கள் 50 ஆயிரத்துக்கும் அதிகம். அவர்கள் விடுமுறைக்குப் போய்விட்டால் தேர் நிலைக்கு வந்த மறுநாள் போல ஊர் அடங்கிவிடும்.

வளாகத்தின் நடுவில் ஒரு கொல்லை இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். மாரோ பிளாட்ஸ் என்று பெயர். 1876ல் தொடங்கப்பட்டது, அமெரிக்காவிலேயே மிகப் பழைய ஆய்வுக் கொல்லை. உலகில் இதைவிடப் பழையது இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் மட்டும்தான். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மக்காச்சோளமே போட்டுக்கொண்டிருந்தால் மண் என்ன ஆகும், பயிரை மாற்றி மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 1904ல் சில பகுதிகளுக்கு மட்டும் எருவும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் இடத் தொடங்கினார்கள். 1967ல் சோயா உள்ளே வந்தது. இன்று மிஞ்சியிருப்பவை மூன்று துண்டுகள். ஒன்றில் எப்போதும் மக்காச்சோளம். இன்னொன்றில் ஓராண்டு மக்காச்சோளம், ஓராண்டு சோயா. மூன்றாவதில் மக்காச்சோளம், ஓட்ஸ், குதிரைமசால் என்று மூன்றாண்டுச் சுற்று.

ஆகஸ்ட் மாதத்தில் வேலி ஓரமாக நின்று பாருங்கள். 1876லிருந்து உரமே காணாத மூலையில் தட்டை என் நெஞ்சுயரம்கூட இல்லை. அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளாகிக்கொண்டே வந்திருக்கும். நான்கு எட்டு தள்ளி, சுழற்சிப் பயிரும் எருவும் கண்ட பகுதியில் அதே விதை, அதே மழை, அதே வெயில். தட்டை ஆளை மறைக்கும். கதிர் என் முழங்கைக்குக் கீழே உள்ள நீளம் இருந்தது. மண்வளம் பற்றி நான் படித்த எந்தப் பாடமும் இந்த நான்கு எட்டு அளவுக்கு என்னைத் தொடவில்லை.

1960களில் இதன் பக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கான நூலகம் கட்ட வேண்டியிருந்தது. கட்டடம் எழும்பினால் கொல்லையில் நிழல் விழும். நிழல் விழுந்தால் தொண்ணூறு ஆண்டுக் கணக்கு கெட்டுவிடும். ஆகவே நூலகத்தை இரண்டு தளங்களாக மண்ணுக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். 1969ல் திறந்தார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்டுச் சுற்றிலும் வாசிப்பு அறைகள். நம் செட்டிநாட்டு வீட்டைப் பூமிக்குள் இறக்கி வைத்ததுபோல் இருக்கும். 2022 வரை அது இளநிலை மாணவர் நூலகமாக நடந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த நூலகத்தைத்தான். தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அதற்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் வயலுக்கும் அப்படி என்ன உறவு?

பிறப்பே அதில்தான். 1862ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லிங்கன் மாரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்று கணக்கிட்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம். அதை விற்று உழவும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரி நடத்த வேண்டும். இல்லினாய்க்குக் கிடைத்தது 4,80,000 ஏக்கர். அந்த நிலமெல்லாம் பழங்குடி மக்களிடமிருந்து பறித்தும் மிரட்டி ஒப்பந்தம் போட்டும் எடுத்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடியானவர் பிள்ளைக்குக் கல்வி என்ற நல்ல காரியம், வேறொருவர் வாழ்ந்த மண்ணை விற்றுத்தான் நடந்தது.

1867ல் 'இல்லினாய் தொழிற்பல்கலைக்கழகம்' என்று நிறுவினார்கள். 1885ல் 'தொழில்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இதே மாதிரியில் இந்தியாவில் முதலில் எழுந்தது பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம். 1960ல் நேரு திறந்துவைத்தார். அதை வடிவமைக்க உதவியது இந்த இல்லினாய்தான். பாடம், ஆராய்ச்சி, உழவருக்கு அதைக் கொண்டு சேர்ப்பது மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்ற ஏற்பாடு அப்படித்தான் நம் நாட்டுக்குள் வந்தது.

கணினித் துறையில் இந்த ஊர் என்ன செய்தது?

மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள்: இல்லியாக், பிளேட்டோ, மோசைக்.

இல்லியாக் 1952ல் வந்தது. ஐந்து டன் எடை, 2,800 வெற்றிடக் குழல்கள். அமெரிக்கக் கல்வி நிறுவனம் ஒன்று தானே கட்டித் தானே வைத்துக்கொண்ட முதல் கணினி. 1957ல் அதைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கு இசைகூட அமைத்துப் பார்த்தார்கள்.

பிளேட்டோவைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதற்குச் சேர வேண்டிய பெருமை சேரவேயில்லை. கணினியால் பாடம் நடத்த முடியுமா என்ற கேள்வியோடு 1960ல் டொனால்ட் பிட்சர் தொடங்கியது அது. மாணவர் முன்னால் ஒரு திரை வேண்டும்; அன்றைய டி.வி. குழாய்க்குப் படத்தை நினைவில் வைக்கத் தனியே விலை உயர்ந்த கருவி தேவைப்பட்டது. தான் காட்டுவதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் திரை ஒன்றைச் செய்ய முடியாதா என்று பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் 1964ல் கண்டதுதான் பிளாஸ்மா திரை. பின்னாளில் வரவேற்பறைச் சுவர்களில் தொங்கிய பிளாஸ்மா டி.வி.க்குத் தாத்தா அது.

1972ல் வந்த பிளேட்டோவின் நான்காவது வடிவத்தில் கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் எரியும், அகலத்தில் 512, உயரத்தில் 512. திரையின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். குழந்தை விரலை வைத்தால் கதிர் தடைப்படும். எந்தக் கட்டத்தில் விரல் என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். தொடுதிரை! 1973ல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது மாணவர், பிழைகளைப் பதிவு செய்யும் ஏட்டைத் திருத்தி எழுதும் வேலையில் இறங்கி, எல்லாரும் எழுதி எல்லாரும் பதில் போடும் பலகையாக அதை மாற்றிவிட்டார். அதே ஆண்டு, ஒரே நேரத்தில் பலர் உரையாடும் 'டாக்கோமேட்டிக்' வந்தது. எதிரே இருப்பவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்கவே தெரியும். தயங்குவதும் அழித்து எழுதுவதும்கூடத் தெரியும். இவையெல்லாம் வீட்டுக் கணினிக்கு முன்னால், வலைத்தளத்துக்கு இருபது ஆண்டு முன்னால்.

மோசைக் கதை பலருக்குத் தெரியும். 1986ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் இங்கே சூப்பர் கம்ப்யூட்டர் மையம் தொடங்கியது. அங்கே பகுதிநேர வேலை பார்த்த மாணவர் மார்க் ஆண்ட்ரீசனும், ஊழியர் எரிக் பினாவும் எழுதிய மோசைக் பிரவுசர் 1993ல் வெளியானது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் அந்த ஆண்டே வந்துவிட்டது. இணையம் அதற்கு முன்பே இருந்தது. அதைக் கணினி தெரியாதவரும் திறந்து பார்க்கலாம் என்றாக்கியது மோசைக்.

மாணவர் கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம்?

பல்கலைக்கழகத்தின் சம்பளத்திலும் கருவிகளிலும் செய்தால் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே. 1980ல் வந்த பே–டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகமே காப்புரிமை வைத்துக்கொள்ளலாம் என்றது. லாபத்தில் கண்டுபிடித்தவருக்குப் பங்கு உண்டு.

மோசைக்கில் இது உரசலாகவே முடிந்தது. ஆண்ட்ரீசன் கலிஃபோர்னியா போய் 1994ல் மோசைக் என்ற பெயரிலேயே கம்பெனி தொடங்க, பல்கலைக்கழகம் ஆட்சேபிக்க, கம்பெனி 'நெட்ஸ்கேப்' ஆனது. மோசைக்கின் உரிமம் ஸ்பைகிளாஸ் என்ற கம்பெனி வழியாக மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய் இன்டர்நெட் எக்ஸ்புளோரராக வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் பிறகு சந்தையில் அடித்துக்கொண்டார்கள். சேரும்போது கையெழுத்திடும் தாள்களில் கண்டுபிடிப்பு பற்றிய பத்தியையும் படியுங்கள். நான் படிக்காமல்தான் போட்டேன். எனக்கு நஷ்டமில்லை, ஆனாலும் படியுங்கள்.

நெறியாளர், போஸ்ட்டாக், மாணவர்: யார் என்ன செய்வார்கள்?

நெறியாளர் பேராசிரியர், பணம் திரட்டுவது, திசை காட்டுவது, எழுதியதைத் திருத்துவது அவர் வேலை. போஸ்ட்டாக் என்பவர் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆய்வு மட்டும் செய்ய வந்தவர். மாணவருக்கு அண்ணனோ அக்காவோ போல. மாணவர்தான் இரவு பகலாகச் சோதனை செய்பவர்.

இந்த மூவர் கூட்டணிக்கு இந்த வளாகத்திலேயே நல்ல சான்று உண்டு. சில உலோகங்களைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் என்று 1911லேயே கண்டுவிட்டார்கள். ஏன் என்று 46 ஆண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை. பேராசிரியர் பார்டீன், போஸ்ட்டாக் லியோன் கூப்பர், மாணவர் ராபர்ட் ஷ்ரீஃபர் மூவரும் இங்கே அதில் இறங்கினார்கள். 1956 டிசம்பரில் பார்டீன் டிரான்சிஸ்டருக்கான நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் கிளம்பும் நேரம். ஒன்றும் நகரவில்லை, ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று வந்து நின்றார் ஷ்ரீஃபர். நான் திரும்பி வரும்வரை இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார் பார்டீன். அடுத்த சில வாரங்களில், நியூயார்க் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்த ஷ்ரீஃபருக்குத் தேவையான சமன்பாடு பிடிபட்டது. அப்போது அவருக்கு 25 வயது. 1972ல் மூவருக்கும் சேர்த்தே நோபல். அந்த ஒரு மாதத்தைத் தரத் தெரிந்தவர்தான் நெறியாளர்.

பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாமே? கூச்சமாக இருக்கிறது.

முதல் கடிதத்தில் 'புரொஃபசர்' என்று குடும்பப் பெயரோடு எழுதுங்கள். அவர் பதிலில் தன் முதற்பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால் அடுத்த முறை நீங்களும் அப்படியே அழைக்கலாம். எனக்கு வாய் வர ஓராண்டு ஆனது. அதுவரை பெயரே சொல்லாமல் சமாளித்தேன். பெயர் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. மறுத்துப் பேசாமல் இருப்பதுதான் அங்கே குறையாகப் பார்க்கப்படும்.

வாரக் கூட்டத்தில் இது நன்றாகத் தெரியும். ஒரு மாணவி வரைபடம் ஒன்றைத் திரையில் போடுகிறாள். எட்டுப் புள்ளிகள், அவற்றினூடே ஒரு நேர்க்கோடு. நெறியாளர் எழுந்து போய் ஏழாவது புள்ளியின் மேல் விரலை வைத்து, "இது ஏன் கோட்டை விட்டு விலகி நிற்கிறது?" என்கிறார். அளவீட்டுப் பிழையாக இருக்கும் என்கிறாள். "இருக்கும் என்றால்? எப்படித் தெரியும்?" அவள் ஆய்வேட்டைப் புரட்டுகிறாள், அன்று ஹீலியம் தீர்ந்துபோய் உருளை மாற்றிய குறிப்பு, நேரத்தோடு, அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. அறை தளர்ந்து மூச்சு விடுகிறது. தேதி போட்டுப் பேனாவால் எழுதிய அந்த ஒரு வரி அன்று அவளைக் காப்பாற்றியது. ஆய்வேட்டில் பென்சிலால் எழுதாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள்.

முனைவர் பட்டத்துக்கு எத்தனை ஆண்டு? என்னென்ன தேர்வு?

அறிவியல், பொறியியலில் ஐந்து முதல் ஆறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிடவியல், வரலாறு போன்றவற்றில் கூடும். முதலிரண்டு ஆண்டுகளில் தகுதித் தேர்வு. பிறகு, செய்யப்போகும் ஆய்வை முன்வைத்துக் குழு முன்னால் பேசும் தேர்வு. கடைசியில் ஆய்வேட்டைக் காத்து நிற்கும் வாய்மொழித் தேர்வு; யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேருபவருக்கு இல்லினாயில் மொத்தம் 96 கிரெடிட் (பாடத்தையும் ஆய்வையும் கணக்கிடும் அலகு).

என் மகளை அனுப்ப நிலத்தை விற்க வேண்டுமா?

முனைவர் பட்டத்துக்கு என்றால் விற்காதீர்கள். அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் மாணவருக்குப் பெரும்பாலும் உதவியாளர் பணி கிடைக்கும். வகுப்பெடுக்க உதவினால் டி.ஏ., ஆய்வகத்தில் வேலை செய்தால் ஆர்.ஏ. வாரம் 20 மணி நேரக் கணக்கு; டியூஷன் கட்டணம் தள்ளுபடி; மாதச் சம்பளம். அதில் வாடகைக்கும் சமையலுக்கும் போகச் சிக்கனமாக இருந்தால் ஊருக்குப் போய்வர டிக்கெட் எடுக்கலாம். எஃப்–1 என்ற மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வெளியே, முறையான அனுமதியில்லாமல், ஒரு மணி நேரம்கூடக் கூடாது. தெரிந்தவர் கடை என்று போய் மாட்டிக்கொண்டால் விசாவே போய்விடும்.

முதுநிலைப் பட்டம் வேறு கதை. பெரும்பாலும் கைக்காசுதான். கடன் வாங்கி அனுப்புவதற்கு முன், அந்தத் துறையின் மாணவர்களில் எத்தனை பேருக்கு உதவியாளர் பணி கிடைத்தது என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்த குடும்பங்களை நான் அறிவேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. நிதியுதவியோடு இடம் தருகிறோம் என்று கடிதம் வந்தால், இன்றே பதில் சொல் என்று அவசரப்படுத்தினாலும் பதறாதீர்கள். ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் தருவதாகப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒப்புக்கொண்டிருக்கின்றன.

மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்வார்களா? நம் பிள்ளைகள் அதில் சேரலாமா?

செய்வார்கள். இல்லினாயில் முதுநிலை, முனைவர் மாணவ ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. 2018 பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை வேலைநிறுத்தம் நடந்தது. டியூஷன் தள்ளுபடியைக் காப்பதுதான் முக்கியமான கோரிக்கை. சங்கத்தில் சேர வெளிநாட்டு மாணவருக்கும் உரிமை உண்டு. நீங்கள் இன்று அனுபவிக்கும் தள்ளுபடி தானாக வந்ததில்லை என்பதால், சேருங்கள் என்பதே என் கருத்து.

ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ராணுவப் பணம் உண்டா?

பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து. தேசிய அறிவியல் அறக்கட்டளை (1950ல் தொடங்கியது), தேசிய சுகாதார நிறுவனங்கள், எரிசக்தித் துறை, வேளாண் துறை, பாதுகாப்புத் துறை. பேராசிரியர் விண்ணப்பம் எழுதுவார்; அதே துறையின் பிற ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவார்கள்; பலவற்றில் சிலவே தேறும்.

ராணுவப் பணமும் உண்டு. அதற்கு எதிர்ப்பும் உண்டு. ஒரே நேரத்தில் 64 கணக்கிடும் அலகுகள் இயங்கும் இல்லியாக் IV என்ற மாபெரும் கணினியை இங்கே நிறுவத் திட்டம். பணம் பாதுகாப்புத் துறையினுடையது. வியட்நாம் போர்க் காலம். 1970ல் ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போரை எதிர்த்த மாணவர்கள் சுடப்பட்ட அதே மே மாதம் இந்த வளாகத்திலும் கணினிக்கு எதிராகக் கூட்டம் திரண்டது. கடைசியில் இயந்திரம் அர்பானாவுக்கு வரவேயில்லை. 1972ல் கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போனது. எந்தப் பணத்தில் என்ன ஆய்வு நடக்கிறது என்று கேட்பது மாணவரின் உரிமை. நீங்கள் சேரப்போகும் ஆய்வகத்திலும் கேட்கலாம்.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?

கிடைக்கும், அதன் பின்னணி எனக்கு மிகவும் பிடித்த கதை. 1954ல் வந்த பொதுச் சட்டம் 480 என்ற ஏற்பாட்டின் கீழ் அமெரிக்கா தன் உபரிக் கோதுமையைப் பின்னர் இந்தியாவுக்கு விற்றது. விலையை இந்தியா ரூபாயிலேயே கொடுத்தது. அந்த ரூபாயை வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டில்லியில் அலுவலகம் வைத்து, இந்திய மொழிகளில் வரும் நூல்களை அந்தப் பணத்தில் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. இல்லினாய் போன்ற மாநிலங்களின் வயலில் விளைந்தது நம் ரேஷன் கடைக்கு வந்தது. சென்னையிலும் மதுரையிலும் அச்சான நாவலும் இலக்கணமும் அங்கே போயின. நம்மூர் நூலகத்தில் கரையான் தின்றுவிட்ட சில பதிப்புகள் அங்கே குளிரூட்டிய அடுக்கில் இருக்கின்றன.

இல்லினாய் நூலகத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் அதிகமான தொகுதிகள். அங்கே இல்லாததை நூலகங்களுக்கு இடையிலான இரவல் மூலம் வேறு ஊரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், மாணவருக்குச் செலவில்லை. தமிழுக்குப் பெரிய இருப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தில். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை 1994ல் விலைக்கு வாங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான். வாங்கியதைத் தன் ஊருக்கு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அந்தப் பெருந்தன்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை தனியாகச் சமாளிக்க முடியுமா?

முடியும், இதில் இந்த வளாகம் நாட்டுக்கே முன்னோடி. போரில் கால் இழந்து, முதுகெலும்பு முறிந்து திரும்பிய இளைஞர்களுக்காக 1948ல் டிம் நியூஜென்ட் ஒரு திட்டம் தொடங்கினார். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, நாற்காலியோடு தூக்கி ஏற்றும் பஸ், கூடைப்பந்து அணி எல்லாம் இங்கே அப்போதே வந்துவிட்டன. நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1990ல்தான். தேர்வுக்குக் கூடுதல் நேரம், குறிப்பெடுக்க உதவி, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் தனிப் பிரிவு உண்டு. இடம் கிடைத்த உடனே அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

நான்கு ஆண்டு உழைத்தும் ஆய்வில் ஒன்றும் வராவிட்டால்?

கார்ல் வூஸ் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 1964ல் இங்கே வந்தார். நுண்ணுயிர்களுக்குள் யார் யாருக்கு உறவு என்று அறிய, எல்லா உயிரிலும் புரதம் கட்டும் நுண்ணுறுப்பான ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, கதிர்வீச்சால் ஃபிலிமில் விழும் கறுப்புப் புள்ளிகளை ஒளிப்பலகையில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஆண்டுக்கணக்கில் அதே வேலை. உடன் பணிபுரிந்தவர்களுக்கே அவர் என்ன செய்கிறார் என்று விளங்கவில்லை. 1977ல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும், மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியாவே அல்ல, தனிக் கிளை என்றார்கள். பத்திரிகைகளின் முதற்பக்கச் செய்தி. ஆனால் நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியாவோ, வூஸின் உடன் ஆய்வாளரான ரால்ஃப் உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள் என்றார். இன்று ஆர்க்கியா என்ற அந்தப் பிரிவு இல்லாமல் உயிரியல் பாடநூலே இல்லை. வளாகத்தின் மரபணு உயிரியல் நிலையத்துக்கு வூஸ் பெயர்தான்.

எல்லாரும் வூஸ் ஆக மாட்டோம் என்பது தெரியும். என் மூன்றாம் ஆண்டு முழுவதும் வீண். அந்த ஆண்டின் அளவீடு ஒன்றுகூட ஆய்வேட்டில் இல்லை. ஆனால் கருவியைப் பிரித்துக் கோக்கக் கற்றதும் பிழையை மோப்பம் பிடிக்கக் கற்றதும் அந்த ஆண்டில்தான். மனம் தளர்ந்தால் மறைக்காதீர்கள். வளாகத்தில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொல்வது நெறியாளருக்குப் போகாது. நெறியாளரையே மாற்றவும் வழியுண்டு. அது அவமானம் அல்ல.

இப்போதைய நிலவரத்தில் போகலாமா?

2025 பலருக்கும் கலக்கமான ஆண்டு. பிப்ரவரியில், ஆய்வு மானியத்தோடு பல்கலைக்கழகத்துக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகையை 15 சதவீதத்தோடு நிறுத்துவதாகத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அறிவித்தன. பல பல்கலைக்கழகங்களுக்கு அது 50 சதவீதத்துக்கும் மேல். கட்டடம், மின்சாரம், கழிவு அகற்றல் எல்லாம் அதில்தான் நடக்கிறது. நீதிமன்றம் தடுத்தது. மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்தினார்கள். பிறகு, சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்கச் சொன்னார்கள். பல துறைகள் சேர்க்கையைக் குறைத்தன.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நூற்றைம்பது ஆண்டு பொறுத்து வளர்த்ததை இரண்டு பட்ஜெட்டில் வாட்டிவிட முடியும். ஆனாலும் ஆய்வில் உண்மையான பசி உள்ள பிள்ளையைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. சேரும் முன் நெறியாளரிடம் நேராகக் கேளுங்கள்: எனக்கான பணம் எந்த மானியத்திலிருந்து, அது எந்த ஆண்டு முடிகிறது, முடிந்தால் டி.ஏ. இடம் உண்டா? நல்ல நெறியாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாப்பாடு?

அரிசி, பருப்பு, புளி, முருங்கைக்காய் வரை கிடைக்கும். அறைத் தோழர்களோடு முறை வைத்துச் சமைப்பதே மலிவு. ஆய்வகத்துக்குள் மட்டும் சாப்பாட்டைக் கொண்டுபோகாதீர்கள். பாதுகாப்பு வகுப்பில் முதலில் சொல்லித் தருவது அதுதான்.

குளிருக்கு எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிப் போக வேண்டுமா?

வேண்டாம். உள்ளே போடும் கம்பளிச் சட்டை இரண்டு மட்டும் எடுத்துப் போங்கள். மேலங்கியும் பூட்ஸும் அங்கே வாங்குங்கள். நம்மூரில் விற்கும் ஸ்வெட்டர் அந்தக் காற்றுக்கு ஈடு கொடுக்காது. 2019 ஜனவரி இறுதியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போய், பல்கலைக்கழகமே வகுப்புகளை ரத்து செய்தது. பட்டம் முடித்துப் போகிறவர்கள் மேலங்கியைப் புதிதாக வருபவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அப்படித்தான் ஒன்று வந்தது. பையில் யாரோ மறந்துவிட்ட கையுறை ஒன்றும், பஸ் அட்டவணையும் இருந்தன. நானும் கிளம்பும்போது அதை அடுத்து வந்த திருநெல்வேலிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்வது ஆகஸ்டாக இருக்கும். குளிருக்கு இன்னும் மூன்று மாதம் உண்டு. முதலில் கொல்லையைப் போய்ப் பாருங்கள், அப்போதுதான் கதிர் முற்றியிருக்கும்.